‘நான்’ என்பது குற்றமா?

கட்டுரையில் ‘நான்’ என்னும் சொல் வரலாகாது என்பார் உளர். திரைப்படமும் பாட்டும் ஆராய்ச்சிக்குரிய பொருளல்ல என்பாரும் உளர். பெண்ணியம் பேசும் தன்னனுபவக் கட்டுரைகள் இவ்விரு தடைகளையும் ஒருசேர மீறுவதால், அவற்றை இவர்கள் படியாமலே ஒதுக்குகின்றனர். இஃது அறிவுடைமை ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஹெய்ட்டி நாட்டுப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் ரோக்சேன் கே. 2014இல் அவர் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு ‘பேட் பெமினிஸ்ட்’. ‘மோசமான பெண்ணியவாதி’ என்பது அதன் பொருள். பெண்களை இழிவுபடுத்தும் ராப் பாடல்களையும் தாம் விரும்பிக் கேட்பதை அதில் ஒளிக்காமல் எழுதுகிறார். “கொள்கை ஒன்று, நடத்தை வேறு, இவரா பிறர்க்கு உரைப்பது?” என்று கேட்பர் சிலர். வெகுமக்கள் கலை நம்மைப் பற்றுவது இன்பத்தால் அன்றோ? கசக்கும் நஞ்சை எவரும் உமிழ்ந்துவிடுவர். இனிக்கும் நஞ்சையோ கேட்டு வாங்குவர். அவ்வினிமையைச் சுவைத்தறிந்தவர் தரும் சான்றுக்கு, செவியைப் பொத்திக்கொண்டவரின் கண்டனம் ஈடாகுமா?

அவர் ஒப்புதலோடு நின்றாரும் அல்லர். 1960களின் மிசிசிப்பியில் வாழ்ந்த கறுப்பினப் பணிப்பெண்களைக் காட்டும் ‘தி ஹெல்ப்’ திரைப்படம் 2011இல் வந்தது. அப்பெண்களை வெள்ளையர்க்கு உதவும் உருவங்களாக அது சுருக்கிவிட்டதை அவர் கண்டிக்கிறார். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்னும் இளையோர் புதினத்தைப் பற்றி எழுதும்போது, சிறுமிப் பருவத்தில் தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைச் சொல்கிறார். இளையோர் நூல்களில் இருள் கூடாது என்போர்க்கு அதுவே விடை. இருளை முன்பே கண்டுவிட்ட சிறுமிக்கு, அதனைக் கடந்து நின்ற ஒருத்தியின் கதை ஊன்றுகோல் ஆகும்.

‘நான்’ என்று தொடங்குவன எல்லாம் நல்ல கட்டுரைகள் என்று யாம் கூறவில்லை. தற்பெருமையும் தன்னிரக்கமும் மலிந்தவை பல. பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு: சொந்த அனுபவத்தை நீக்கிப் பாருங்கள். வாதம் தளர்ந்தால் அவ்வனுபவம் சான்று. தளராவிடின் வெறும் ஒப்பனை.

ஆசிரியப் பெருமக்களே, இவ்வுரைகல்லை மாணவர் கையில் கொடுங்கள். தான் விரும்பிப் பாடும் திரைப்பாடல் பெண்ணை எவ்வாறு காட்டுகிறது என்று ஒரு மாணவன் எழுதட்டும். அப்பாடல் தனக்கு ஏன் இனிக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதட்டும். உண்மை பேச அஞ்சும் வகுப்பறையில் மனப்பாடம் வளரும், கட்டுரை பிறவாது.