கிரேன் நின்றதா? குழந்தையிடம் திருப்புளியைக் கொடுங்கள்!

ரெயில் பெட்டி தடம் புரண்டால் அதைத் தூக்கி நிறுத்த ஓடி வருவது கிரேன் வண்டி. அந்தக் கிரேன் வண்டியே படுத்துவிட்டால் யார் தூக்குவது?

இது பெரிய ரெயிலைப் பற்றிய கேள்வி அல்ல. மேஜை மீது ஓடும் மாதிரி ரெயிலைப் பற்றிய கேள்வி.

மாதிரி ரெயில்களில் பல அளவுகள் உண்டு. அதிகமாகப் புழங்கும் அளவில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 16.5 மில்லி மீட்டர்தான். கட்டை விரல் அகலம்கூட இல்லை! அந்தக் குட்டித் தண்டவாளத்தில் ஒரு குட்டிக் கிரேன் வண்டி. பொத்தானை அமுக்கினால் கிரேனின் கை உயரும், தாழும். கொக்கி இறங்கும், ஏறும். மேல்பகுதி முழுவதும் சுழலும். எல்லாம் மின்சார மோட்டாரின் வேலை.

ஒரு நாள் அது நின்றுவிடுகிறது. வீட்டில் என்ன நடக்கும்? "கெட்டுப் போச்சு, தூக்கிப் போடு" என்பார் அப்பா. அம்மா அதைப் பரண் மேல் வைப்பார். குழந்தை அழும். அழுகையை நிறுத்த வேறொரு பொம்மை வரும்.

இங்கேதான் தவறு நடக்கிறது. நின்றுபோன கிரேன், ஓடுகிற கிரேனைவிட நல்ல வாத்தியார். அந்த வாத்தியாரைப் பரணில் ஏற்றலாமா?

கழற்றி மாட்டிய ரெயில்

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் இருந்தார். இறைச்சி இறக்குமதி செய்யும் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதி வந்தவர். தம் பிள்ளைகளுக்காகத் தகரத்தை வெட்டிப் பாலமும் கிரேனும் செய்து கொடுத்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாக வெட்டுவானேன்? துளை போட்ட பட்டைகளைச் செய்து, திருகாணியும் மரையும் போட்டு முடுக்கினால் இன்று கிரேன், நாளை பாலம்!

1901-ம் ஆண்டு அந்த யோசனைக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதுதான் பின்னாளில் 'மெக்கானோ' என்று உலகப் புகழ் பெற்றது. 1920-ல் அவருடைய நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் ரெயிலை வெளியிட்டது. அந்த முதல் ரெயில்களையும் குழந்தைகள் கழற்றி மாட்டலாம்.

லிவர்பூலில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஹார்ன்பி காட்டிய வழி பழையதாகவில்லை. திறக்க முடிந்த பொம்மைதான் குழந்தைக்கு முழுப் பொம்மை.

கோளாறு எங்கே?

கிரேனுக்குள் மாயம் ஒன்றும் இல்லை. மோட்டார் மிக வேகமாகச் சுழலும். அந்த வேகத்தில் கொக்கி ஏறினால் நூல் அறுந்து போகும். அதனால் மோட்டாரின் முனையில், திருகு போல் மரை வெட்டிய சிறு தண்டு இருக்கும். அது ஒரு முழுச் சுற்று சுற்றினால், அடுத்துள்ள சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். வேகம் குறையும், வலு கூடும். கடைசியில் ஓர் உருளை மெதுவாகச் சுற்றி நூலை இழுக்கும். மின்சாரம் பாயும் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும், கொக்கி இறங்கும்.

இவ்வளவுதான்! இதில் எது கெடும்? பெரும்பாலும் சின்ன விஷயந்தான்.

முதலில் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

தண்டவாளத்தின் வழியாகச் சக்கரத்துக்கு மின்சாரம் வரும் வண்டியானால், இரண்டையும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். அழுக்குப் படிந்தால் மின்சாரம் ஏறாது. அடுத்து நூலைப் பார்க்க வேண்டும். உருளையின் ஓரத்தில் நூல் சிக்கிக்கொண்டால் மோட்டார் முனகும், கொக்கி அசையாது.

பிறகுதான் திருப்புளி. மூடியைத் திறந்தால், பல் சக்கரங்களில் பழைய எண்ணெய் பிசின் போல் இறுகிக் கிடக்கலாம். அதை வழித்துவிட்டு, ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் போதும். அதிகம் விட்டால் தூசி ஒட்டும். ஏதேனும் கம்பி விட்டுப் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல மோட்டார்களில் மின்சாரத்தைக் கடத்தும் சிறு கரித்துண்டுகள் உண்டு. அவை தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கழற்றிய திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். எந்த வரிசையில் கழற்றினோமோ, அதற்கு நேர் எதிர் வரிசையில் மாட்ட வேண்டும். இதைக் குழந்தையே செய்யட்டும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். சுவரில் செருகும் மின்சாரப் பெட்டியை மட்டும் குழந்தை தொடக்கூடாது. வீட்டு மின்சாரம் விளையாட்டு அல்ல.

தூக்குவதும் ஒரு வித்தை

கிரேன் ஓடத் தொடங்கியதும் பாடம் முடிந்துவிடாது. குழந்தை ஆவலோடு ஒரு பெட்டியைத் தூக்கும். கை பக்கவாட்டில் திரும்பும். தடால்! பெட்டியோடு கிரேனும் கவிழும்.

ஏன்? தராசைப் பார்த்தவருக்கு விடை தெரியும். கிரேனின் நடுவிலிருந்து 5 சென்டி மீட்டர் தூரத்தில் தொங்கும் 10 கிராமும், 10 சென்டி மீட்டர் தூரத்தில் தொங்கும் 5 கிராமும் கிரேனை ஒரே அளவு சாய்க்கும். கையை நீட்ட நீட்டப் பளு கூடியது போலத்தான். அதனால் பளு கிட்டத்தில் இருக்க வேண்டும். கை மெதுவாகத் திரும்ப வேண்டும். பக்கத்தில் ஊன்றுகால் இருந்தால் அதை ஊன்றிவிட்டே தூக்க வேண்டும். நூலை முழுவதும் இறக்கிவிடாமல் உருளையில் இரண்டு மூன்று சுற்றாவது மிச்சம் வைக்க வேண்டும்.

பீகாரில் உள்ள ஜமால்பூர் ரெயில்வே பட்டறை 1862-ல் தொடங்கியது. விபத்தில் சிக்கிய வண்டிகளைத் தூக்கும் 140 டன் கிரேன்கள் அங்கே தயாராகியிருக்கின்றன. அந்த ராட்சதக் கிரேனுக்கும் இதே விதிதான். மேஜை மீது கவிழ்ந்தால் சிரிப்பு. தண்டவாளத்தில் கவிழ்ந்தால் உயிர் போகும். இந்த வித்தியாசத்தைச் சேதம் இல்லாமல் கற்றுக்கொள்ள மேஜையைவிட நல்ல இடம் ஏது?

ஒட்டிய பொம்மை வேண்டாம்

"குழந்தை திறந்தால் மேலும் கெட்டுவிடுமே!" என்று சிலர் சொல்வார்கள். கெடலாம். ஆனால் பரணில் கிடக்கும் பொம்மையும் கெட்டதுதானே? திறந்து கெட்டதிலாவது ஒரு பாடம் மிஞ்சும்.

"மாதிரி ரெயில் பணக்காரர் வீட்டுப் பொருள்" என்பார்கள் வேறு சிலர். விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் திருவிழாக் கடையில் வாங்கிய பாட்டரி காருக்குள்ளும் மோட்டாரும் பல் சக்கரமுந்தான் இருக்கின்றன. பாடத்துக்கு ஏழை, பணக்காரன் இல்லை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்பதும் இல்லை.

பொம்மை வாங்கும்போது பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருகாணி இருந்தால் வாங்கலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். நாலு பேர் இப்படிச் செய்தால், செய்கிறவர்களும் திருகாணி போடத் தொடங்குவார்கள்.

நின்றதை எறியக் கற்ற பிள்ளை, நாளை எதையும் எறியும். நின்றதை ஓட வைக்கக் கற்ற பிள்ளை, எது நின்றாலும் முதலில் ஏன் என்று கேட்கும்.