காயில் போயிடுச்சாம்ல!

செங்கம் ரோட்டுல, ரமணாசிரமம் தாண்டினதும் நம்ம புல்லட் மறுபடி மழையில நின்னு போச்சு. பாயின்ட் வச்ச பழைய வண்டிங்க. மெக்கானிக் ரெண்டு ஒதை ஒதைச்சார். "காயில் போயிடுச்சு சார், மாத்திடலாம்." போன மழைக்கு கார்புரேட்டர்னு சொன்னதும் இதே வாய்தான்!

அட சாமிகளா, வெயில்ல ஒழுங்கா ஓடி மழையில மட்டும் நிக்கிற வண்டிக்கு முதல்ல பிளக் ஒயரைப் பாக்க வேணாமா? பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல போற ஒயர் அது. இஞ்சின் சூட்டுல மேலுறை வெடிச்சா, ஈரம் பட்டதும் கரண்ட் பிளக்குக்குப் போகாம இஞ்சின் பாடிக்குத் தாவிடும்.

மீட்டர்கூட வேணாம். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, வண்டியை ஓடவிட்டு ஒயர் மேல லேசா தண்ணி தெளிச்சேன். நீலமா பொறி பறந்துச்சு. (கையை வச்சுடாதீங்க, தூக்கி அடிக்கும்!) முனை மட்டும் கெட்டிருந்தா அரை சென்டிமீட்டர் வெட்டிட்டு கேப்பைத் திருகினா போதும். எனக்கு நடுவுல வெடிப்பு. காயில்லேர்ந்து ஒயரை மட்டும் கழட்டி மாத்திட்டேன். செம்புக் கம்பி ஒயரா கேட்டு வாங்குங்க. கரி இழை ஒயர்ல கேப்போட திருகாணி பிடிக்காது.

அடுத்த தூறல்ல கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் ஒரு திக்கல் இல்ல. காயில் அதே பழசுதான்!

காயிலே கெடாதுன்னு சொல்லல. சோதிச்சுட்டுச் சொல்லுங்கன்றேன். கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்குக் கூலி. பாகத்தை மாத்தி மாத்திப் பாக்கறதுக்கு எங்க பர்ஸுதான் கிடைச்சுதா?

என்ன நாஞ்சொல்றது?