துப்பாக்கியை எண்ணினால் போதுமா?

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கும் கழுவேலி ஏரி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கும் மேல். 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. மழைக்காலத்தில் நன்னீரும், எடையன்திட்டு கழிமுகம் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலக்கும் இந்த நீர்ப்பரப்பை நம்பி மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வலசை வருகின்றன. அவற்றை வலை வைத்தும் விஷம் வைத்தும் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டும் பிடிக்கிறார்கள் என்பது இந்தப் பகுதியின் நெடுநாள் குறை. துப்பாக்கி பிடிபடும்போது நாளிதழ்களில் வரும் படம் நமக்குப் பழகியதுதான்: மேசைமேல் வரிசையாக அடுக்கிய குழல்கள், பின்னால் நிற்கும் காவலர்கள், எத்தனை துப்பாக்கி என்று ஒரு கணக்கு. அந்தக் குழலுக்குள் எந்த மருந்தைக் கெட்டித்தார்கள், அதைப் பற்றவைத்த கேப் எனும் சிறு செம்புத் தொப்பி எந்தக் கடையிலிருந்து வந்தது என்ற கேள்வி அந்தச் செய்தியில் எழுவது அரிது. நாட்டுத் துப்பாக்கியால் வரும் கேட்டைக் குறைக்க வேண்டுமானால் அரசின் கண் குழலிலிருந்து கேப்புக்கும் மருந்துக்கும் நகர வேண்டும் என்பதே என் வாதம். பறவையின் உயிருக்கு இது எவ்வளவு தேவையோ, துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் அவ்வளவு தேவை.

கேப்பின் பொருத்தம் ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஆலையில் செய்த தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பித்தளைக் கூட்டின் அடிப்பகுதியில், நடுவில், ஒரு சின்னக் குழி இருக்கும். பெரிய வகை என்றால் குறுக்களவு சுமார் 5.3 மில்லிமீட்டர், சிறிய வகை என்றால் சுமார் 4.4 மில்லிமீட்டர். அடிபட்டதும் தீப்பொறி கக்கும் பிரைமர் இந்தக் குழிக்குள்தான் உட்காருகிறது. குழி தளர்வாக இருந்தால் பிரைமர் கழன்று விழும், அல்லது சுடும்போது அதைச் சுற்றிச் சூடான வாயு பின்பக்கமாகக் கசியும். இறுக்கமாக இருந்தால் பிரைமர் முழுதாக உள்ளே போகாமல் துருத்தி நிற்கும். அப்படி நிற்கும் தோட்டாவின் மேல் துப்பாக்கியின் மூடுபாகம் வேகமாக வந்து மோதினால், விசையை இழுக்கும் முன்பே வெடித்துவிடலாம். ராணுவத் தோட்டாக்களில் குழியின் விளிம்பை வேண்டுமென்றே உள்நோக்கி அழுத்தி, பிரைமரைக் கவ்விப் பிடிக்கும்படி செய்திருப்பார்கள். இயந்திரத் துப்பாக்கியின் அதிர்ச்சியில் அது நழுவாமல் இருப்பதற்காக. அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புகிறவர்கள், அந்த அழுத்திய விளிம்பைச் சுரண்டியோ விரித்தோ எடுத்த பிறகுதான் புதுப் பிரைமரை ஏற்றுகிறார்கள். அதற்கென்றே அளவுகோலும் கருவியும் கடையில் விற்கின்றன. இறுக்கமான குழிக்குள் பிரைமரை வலுக்கட்டாயமாகத் திணித்தால் கையிலேயே வெடிக்கும் என்பது அவர்களுடைய முதல் பாடம். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

நம் ஊரில் பித்தளைக் கூட்டை வீட்டில் வைத்து நிரப்பும் பழக்கம் இல்லை. வெடிபொருளைத் தன் கையால் கெட்டித்துச் சுடும் பழக்கம் மட்டும் வேறு உருவில் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, அடைப்பு வைத்து, பால்ரஸ் எனப்படும் சிறு உலோகக் குண்டுகளை இட்டு, கம்பியால் குத்திக் கெட்டிப்பார்கள். குழலின் பின்முனையில் துளையுள்ள ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் கேப்பைக் கவிழ்த்து, சுத்தி அதன்மேல் விழும்படி விசையை இழுப்பார்கள். பித்தளைத் தோட்டாவில் பிரைமரும் குழியும் செய்யும் வேலையை இங்கே கேப்பும் இந்த முனையும் செய்கின்றன. சிக்கலும் அதேதான். கேப் தளர்வாக இருந்தால் வழியில் விழுந்துவிடும், அல்லது வெடிக்கும்போது அதன் செம்புத் துண்டுகள் சுடுபவரின் முகத்தை நோக்கிச் சிதறும். இறுக்கமாக இருந்தால் சுத்தியின் முதல் அடி கேப்பை முனையில் ஏற்றுவதற்கே செலவாகிவிடும், மருந்து பற்றாது. பற்றாத துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக் குழலுக்குள் எட்டிப்பார்ப்பதும், கேப்பை நெம்பி எடுக்கப் பார்ப்பதும்தான் விபத்தின் நேரம். சில நேரம் தீப்பொறி துளைக்குள் சற்றே தங்கி, பிறகுதான் மருந்தைத் தொடும். ஆலைத் தோட்டாவில் இந்தப் பொருத்தத்தை அளந்து பார்க்கப் புனே அருகே கட்கியில் 1869 முதல் இயங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை போன்ற இடங்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கியில் அதை அளப்பவர் யாருமில்லை. பட்டறையில் அரத்தால் ராவிய முனைக்கு எந்த அளவு கேப் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முறையான கரிமருந்து கிடைக்காதபோது பட்டாசு மருந்து அந்த இடத்துக்கு வருகிறது. அது எவ்வளவு வேகமாக எரியும், குழல் அதைத் தாங்குமா என்பது கெட்டிப்பவருக்கே தெரியாது. குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளை மத்திய அரசு 1992இல் தடை செய்ததன் காரணமே, அது லேசான உராய்விலும் வெடித்துவிடும் என்பதுதான். கம்பியால் குத்திக் கெட்டிக்கும் துப்பாக்கியில் உராய்வுக்குக் குறைவா?

சட்டம் இதைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெடிபொருள் என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது தோட்டாவோடு நிற்கவில்லை. துப்பாக்கிக்கு இடும் மருந்தையும் அதன் துணைப் பொருள்களையும் வெடிபொருளின் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கேப்பும் கெட்டிக்கும் மருந்தும் சட்டத்தின் கண்ணில் தோட்டாவுக்குச் சமம். அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, உண்மையாகவே பயிரைக் காக்க வேண்டியவருக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைத் தடுத்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தண்டனை கூடிக்கொண்டே போனது. தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்று உரிமத்தில் எழுதுகிறார்கள். விற்கும் கடை பதிவேடு வைக்க வேண்டும். காவல் துறையின் சுடுபயிற்சி முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைக்கிறார்கள். இத்தனை கவனம் பித்தளைக் கூட்டுக்கு உண்டு. கையால் கெட்டிக்கும் துப்பாக்கியிலோ சுட்ட பிறகு எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எத்தனை முறை சுடப்பட்டது என்று அந்தத் துப்பாக்கியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனாலேயே அதற்குள் போகும் பொருளின் வரத்தில் கணக்கு வைப்பது இன்னும் அவசியம். இரும்புக் குழலை எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம். அடித்தால் பற்றும் கேப்பை அப்படிச் செய்துவிட முடியாது. அது எங்கிருந்தோ வாங்கப்படும் பொருள், வாங்கப்படும் பொருளுக்கு ஒரு வழித்தடம் உண்டு.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் திட்டம் அல்ல. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையங்களில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வானூர், திண்டிவனம், மரக்காணம், செஞ்சி என்று எல்லாப் பகுதிகளிலும் அவை வாரக்கணக்கில் நிலையத்தில் இருக்கும். மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒப்படைத்த ஒவ்வொரு நாட்டுத் துப்பாக்கியின் முனையையும் அவர்கள் அளந்து, எந்த அளவு கேப் பொருந்தும் என்று உரிமப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கலாம். தேய்ந்த முனையை மாற்றச் சொல்லலாம், வெடிப்பு விட்ட குழலைத் திருப்பித் தர மறுக்கலாம். அதற்குப் பிறகு, உரிமதாரருக்கு ஆலையில் செய்த கேப்பும் கரிமருந்தும் உரிமம் பெற்ற கடை வழியாகவே, அளவு குறித்து, புத்தகத்தில் பதிந்து மட்டும் கிடைக்க வேண்டும். பிடிபட்ட ஒவ்வொரு வழக்கிலும் கேப் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை குற்றப்பத்திரிகையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர்களுக்கு, வழக்கு இல்லாமல் துப்பாக்கியை ஒப்படைக்க ஒரு கால அவகாசம் தர வேண்டும். மலைக் கிராமங்களில் காவல் துறை இப்படிக் கேட்டுக்கொண்டபோது மக்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து வைத்த செய்திகளைத் தமிழ்நாடு பலமுறை பார்த்திருக்கிறது. அப்போது துப்பாக்கியோடு கேப்பையும் மருந்தையும் சேர்த்துக் கேட்டுப் பெற வேண்டும். கேப்பும் மருந்தும் பரணில் மிஞ்சினால் குழலைப் பட்டறையில் மறுபடி செய்துகொள்ள அதிக நாள் ஆகாது.

அரசே கேப்புக்கும் மருந்துக்கும் வழி திறந்துவிட்டால் வேட்டைக்குத் துணை போவதாகாதா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் உரிமத்தைக் கொடுத்துவிட்டு, துப்பாக்கிக்குள் எதைப் போடுவது என்பதை உரிமதாரரின் பாட்டுக்கு விடுவதுதான் இன்றைய நிலை. அளவாகக் கொடுப்பதை அளந்து பார்க்கலாம், ஓர் ஆண்டில் யாருக்கு ஏன் கூடுதலாகத் தேவைப்பட்டது என்று கேட்கலாம். கள்ளச் சந்தையில் வாங்கியவரிடம் அப்படிக் கேட்க எந்தப் பதிவும் இருக்காது. பயிருக்குக் காட்டுப்பன்றி பெருந்தொல்லை, விவசாயிக்குத் துப்பாக்கி வேண்டும் என்பது அடுத்த வாதம். விவசாயியின் துயரம் உண்மை. அதற்கு விவசாயியின் கையில் துப்பாக்கி கொடுப்பதுதான் வழி என்பதை 2025 ஜனவரியில் தமிழக அரசே ஏற்கவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடுவார்கள் என்றும், 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்றும் சட்டப்பேரவையில் அறிவித்தது. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் வழியாகச் சுட அனுமதித்தது. இரண்டு வழிகளில் எதை ஏற்றாலும், பன்றியைச் சுடுவது யார் என்பது பதிவோடு நடக்க வேண்டிய காரியம் என்பதில் இரு மாநிலங்களும் ஒன்றுபடுகின்றன. இரவில் ஒருவர் தனியாக, தானே கெட்டித்த துப்பாக்கியோடு வயலோரம் காத்திருப்பது அந்தப் பதிவுக்குள் வராது.

இதைவிட ஆழமான எதிர்ப்பு ஒன்று உண்டு. நாட்டுத் துப்பாக்கி என்றதுமே விரல் நரிக்குறவர் பக்கம் நீள்கிறது, இந்த ஏற்பாடும் அவர்கள் மேல் இன்னொரு சுமையாகத்தான் விழும் என்பார்கள். அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு சமூகத்திடமிருந்து 1972இல் அந்தத் தொழிலைச் சட்டம் எடுத்துக்கொண்டது, வேறு தொழிலைக் கையில் கொடுக்கவில்லை. பாசிமணி கோத்து விற்பது அவர்களாகத் தேடிக்கொண்ட வழி. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965இலேயே பரிந்துரைத்தும், நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற 2022 டிசம்பர் வரை ஆனது. குடகு நாட்டின் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து தனி விலக்கு இருக்கிறது. 2019இல் அதை மத்திய அரசு மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. ஒரு சமூகத்தின் பழக்கத்தை அரசு மதிக்க நினைத்தால் அதற்கான வழியைச் சட்டத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கிறது என்பதற்கு இது சான்று. நரிக்குறவருக்கு அதே விலக்கைத் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கழுவேலியில் வேட்டை கூடாது. ஆனால் பறவையின் வரத்தையும் குணத்தையும் அவர்களைப் போல அறிந்தவர்கள் வனத்துறையிலேயே குறைவு. சரணாலயத்தின் பறவைக் கணக்கெடுப்புக்கும் காவலுக்கும் அவர்களைச் சம்பளத்தில் வைத்துக்கொள்வதும், துப்பாக்கியை ஒப்படைப்பதும் ஒரே ஏற்பாட்டின் இரு பாதிகளாக இருக்க வேண்டும். துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தராமல் விட்டால் அது அநியாயம். கேப் விற்ற கடைக்காரரை விட்டுவிட்டு, அதை வாங்கியவரை மட்டும் சிறைக்கு அனுப்புவதும் அதே அநியாயம்தான். கணக்கு கேப்பிலிருந்து தொடங்கினால் விற்றவரும் அந்தக் கணக்குக்குள் வருவார்.

குண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈயக் குண்டு பறவையைத் தவறவிட்டாலும் சேற்றில் கிடக்கும். செரிமானத்துக்காகச் சிறு கற்களை விழுங்கும் வாத்துகள் அதையும் சேர்த்து விழுங்கி, நஞ்சேறி மெல்லச் சாகும். இதற்காகவே அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் தடுத்தது. வேட்டையே குற்றமான நம் நாட்டில் இந்தப் பேச்சு எழவே இல்லை. எழாததால் ஏரிச் சேற்றில் ஈயம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று யாரும் தேடவும் தூண்டுதல் இல்லை. கழுவேலியின் மேலாண்மைத் திட்டத்தில் இந்தச் சோதனைக்கு இடம் வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உரிமம் வழங்குவதும் புதுப்பிப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன, ஆயுதப்படையும் மாவட்டத்திலேயே இருக்கிறது, வனத்துறைக்குச் சரணாலயப் பொறுப்பு ஏற்கெனவே உண்டு. விழுப்புரம் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வனத்துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் கழுவேலியைச் சுற்றியுள்ள வட்டங்களில் இதை முதலில் செய்துபார்க்கலாம். அடுத்த முறை துப்பாக்கிகள் நிலையத்துக்கு வரும்போது அவற்றைப் பூட்டி வைப்பதோடு நிறுத்தாமல், முனையை அளந்து, கேப்பைக் கேட்டுக் கணக்கெழுதுங்கள்.