கட்டுருவும் இனக்குழுவும்

கணிப்பொறி ஆட்டம் இயற்றப் புகுவார்க்கு முதற்கண் எழும் வினா, ஆட்டப் பாத்திரத்தின் பெயர், உயிர்வலிமை, படைக்கலம், நிற்குமிடம் முதலாயினவற்றை எங்ஙனம் தொகுத்து வைப்பது என்பதாகும். ‘ஸ்ட்ரக்ட்’ என்னும் கட்டுருவும் ‘கிளாஸ்’ என்னும் இனக்குழுவும் அதற்கமைந்த இரு கலங்கள். எதிலிட்டால் என்ன என்பார் பலர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று.

சென்ற விடுமுறையில் யானும் என் நண்பரும் சி ஷார்ப் மொழியிற் சிறியதோர் ஆட்டம் இயற்றினோம். வீரனுக்கு உயிர்வலிமை 100; பூதம் ஒருமுறை அறைந்தால் 10 குறைதல் வேண்டும். பூதமோ அறைந்துகொண்டேயிருந்தது, வீரன் சிறிதும் குறையாது நின்றான்! இரண்டிரவு உறக்கமிழந்த பின்னரே காரணம் புலப்பட்டது. யாம் வீரனைக் கட்டுருவாக அமைத்திருந்தோம். அம்மொழியில் ஒரு கட்டுருவை ‘ஃபங்ஷன்’ என்னும் செயற்கூற்றுக்கு வாளா அனுப்புங்கால் மூலம் செல்வதில்லை. அதன் படியே செல்லும். அடிபட்டது படி, வீரன் அல்லன். இனக்குழுவாயின், பொருள் இருக்குமிடத்தைக் காட்டும் சுட்டே செல்லுமாதலின், அறை உரியவன்மேல் விழும்.

“அற்றேல் எல்லாவற்றையும் இனக்குழுவாக்குவோம்” என்றார் நண்பர். ஆக்கினோம். மறுநாட் பகைமறவன் ஒருவனை வெட்ட, மூவர் ஒருங்கே மாண்டனர். மூவரை ஆக்குவதாக எண்ணி ஒருவனையே மும்முறை பட்டியலிற் சேர்த்திருந்தோம். நகையாடுவார் நகையாடுக, எமக்குத் தெளிவு பிறந்தது அன்றுதான்.

வீரர் இருவர்க்கும் உயிர்வலிமை 100 ஆயினும் அவர் இருவரே. ஒருவன் புண் மற்றவன் புண்ணாகாது. இங்ஙனம் தனித்தன்மையுடையதற்கு இனக்குழுவே தக்கது. 3-ஆம் நிரையில் 5-ஆம் கட்டம் என்னும் இடமோ, எத்துணைப் படியெடுப்பினும் அவ்விடமே. அதற்குக் கட்டுரு போதும். கட்டுரு ஒற்றை மதிப்பைக் குறிப்பதாய், 16 பைட்டுக்கு உட்பட்டதாய், ஆக்கியபின் மாறாததாய் இருத்தல் நன்றென மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் வழிகாட்டியும் கூறும். அடிதோறும் மாறும் வீரனை அதிலடைத்தது எம் பிழை.

சி பிளஸ் பிளஸ் மொழியின் நிலை வேறு. கட்டுரு தரவை மட்டுமே தாங்கும் என்பது சி மொழிக்குப் பொருந்துமேயன்றி, 1979-இல் ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய முயற்சியில் வளர்ந்த இம்மொழிக்குப் பொருந்தாது. இதில் இரண்டும் செயற்கூறுகளைத் தாங்கும், இரண்டும் படியெடுக்கப்படும். வெளிப்படக் கூறாவிடத்துக் கட்டுருவின் உறுப்புக்கள் பொதுவாகவும் இனக்குழுவின் உறுப்புக்கள் மறைவாகவும் அமைதலே முதன்மையான வேறுபாடு. அம்மறைவைச் சிறிதென்று எண்ணற்க. உயிர்வலிமையை யாரும் தொடலாமென விட்டால், நிரலின் எம்மூலையிலிருந்தேனும் ஒருவர் அதனைச் சுழிக்குக் கீழே தள்ளிவிடுவர். ‘அடிபடு’ என்னும் ஒரு செயற்கூற்றின் வழியன்றி அது மாறாதெனக் காத்தால், பிழை தேடவேண்டிய இடமும் ஒன்றேயாம். குணத்தையும் தொழிலையும் பெயர்ப்பொருள் ஆறனுள் அடக்கிய நன்னூலைப் பயிலும் எமக்கு, அவ்விரண்டும் ஒருங்கமைந்த இனக்குழு அயலாகத் தோன்றவில்லை.

நண்பர் இன்னும் முழுதும் உடன்பட்டிலர். தட்டெழுத்து மிகுகின்றது என்பது அவர் குறை. ஆயினும் எங்கள் வீரன் இப்பொழுது இனக்குழு. அவன் நிற்குமிடம் கட்டுரு. பூதத்தின் பத்தாம் அறையில் அவன் முறைப்படி மாள்கின்றான்.