ஏரியைச் சுற்றி ஒரே குழாய்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மியூனிக்கிலிருந்து புறநகர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபெல்டாஃபிங் வந்துவிடும். ஸ்டார்ன்பெர்க் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள சிற்றூர் இது. வளமானவர்களின் ஊர் என்று பெயர் பெற்றது. ஆனால் இந்த ஊரிடமும் அதன் அண்டை ஊர்களிடமும் நாம் கவனிக்க வேண்டியது செல்வத்தை அல்ல, பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட விதத்தைத்தான்.

முதலில் ஏரியைப் பார்ப்போம். கடைசிப் பனியுகத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறு தோண்டிய பள்ளம் இது. சுமார் 20 கி.மீ. நீளம், 56 சதுர கி.மீ. பரப்பு, 120 மீட்டருக்கும் மேல் ஆழமான இடங்கள் உண்டு. இதில் பெரிய ஆறு எதுவும் வந்து கலப்பதில்லை. சிற்றோடைகளும் நிலத்தடி ஊற்றுகளும்தான் இதை நிரப்புகின்றன. வடமுனையில் வூர்ம் என்ற சிறிய ஆறு வழியாக நீர் வெளியேறுகிறது. ஆல்ப்ஸின் கடைசிப் பனியுகத்துக்கே நிலவியலாளர்கள் அந்த ஆற்றின் பெயரைத்தான் வைத்தார்கள். இப்படி நிரம்பி இப்படி வடிவதால், ஏரியின் நீர் முழுதாக மாற ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடிக்கும். இன்று ஒருவர் கொட்டும் அழுக்கை அவர் பிள்ளை வளர்ந்து ஆளான பிறகும் இந்த ஏரி சுமந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரையோர ஊர்கள் பெருத்தன. வீடுகளும் விடுதிகளும் பெருகின. கழிவுநீர் ஏரிக்குப் போயிற்று. பாஸ்பரஸ் சேர்ந்தால் பாசி பெருகும்; பாசி மடிந்து அழுகினால் ஆழத்தில் ஆக்சிஜன் தீரும். எந்த ஊரின் கழிவு எந்தப் பாசியை வளர்த்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ‘எங்கள் ஊர் சிறியது, எங்களால் என்ன கெட்டுவிட்டது?’ என்று ஒவ்வோர் ஊரும் கேட்டிருக்கலாம். கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் ஏரி செத்திருக்கும்.

கரையோர ஊர்கள் சேர்ந்து ஒரு கழிவுநீர்க் கூட்டமைப்பை உருவாக்கின. 1960களிலும் 70களிலும் ஏரியைச் சுற்றி வளையமாகக் குழாய் பதிக்கப்பட்டது. கழிவுநீர் எல்லாம் வடக்கே ஸ்டார்ன்பெர்க்கில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சுத்தம் செய்த நீர்கூட ஏரிக்குத் திரும்புவதில்லை. ஏரியைத் தாண்டி வூர்ம் ஆற்றில் விடப்படுகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் ஊர்கள் இருக்கின்றன என்பதால் சுத்திகரிப்பில் அலட்சியத்துக்கு இடமில்லை. தன் கரையைக் காத்துவிட்டு அடுத்தவர் தலையில் அழுக்கைக் கட்டுவது பொறுப்பு ஆகாது. இன்று இந்த ஏரி குளிப்பதற்குச் சிறந்த நீர்நிலைகளில் ஒன்று.

கரை யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு கேள்வி. 1854இல் ஸ்டார்ன்பெர்க்குக்கும், 1865இல் ஃபெல்டாஃபிங் வழியாக டுட்சிங்குக்கும் ரயில் வந்தது. பின்னாலேயே மியூனிக் செல்வந்தர்கள் வந்து கரையோரம் மாளிகை கட்டினார்கள். கரையின் பெரும்பகுதிக்கு வேலி வந்தது. 1946ஆம் ஆண்டின் பவேரிய அரசியலமைப்பு இதற்கு ஒரு வரம்பு போட்டது. காட்டில் நடக்கவும், வழக்கமான அளவில் காட்டுக் கனிகளைப் பறிக்கவும் அது எல்லோருக்கும் உரிமை தந்தது. மலைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் செல்லும் வழிகளைத் திறந்து வைப்பது மாநிலத்தின் கடமை, உள்ளாட்சிகளின் கடமை என்றும் எழுதி வைத்தது. எழுதி வைத்தால் மட்டும் வழி திறக்காது. 1965இல் மியூனிக் நகரமும் சுற்றியுள்ள மாவட்டங்களும் ஊர்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்து, பொதுமக்கள் பொழுதைக் கழிக்க ஏரிக்கரை நிலங்களைப் பெற்றுத் தரத் தொடங்கின. நகரத்தார் குளிக்க வரும் இடத்துக்கு நகரமும் காசு போட வேண்டும் என்ற அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஊர் சுமப்பது தண்ணீரை மட்டும் அல்ல. ஃபெல்டாஃபிங்கில் நாஜிக் கட்சி தன் வருங்காலத் தலைவர்களை உருவாக்க ஒரு பள்ளி நடத்தியது. 1945 மே மாதம் அமெரிக்கப் படை அதே வளாகத்தில் வதைமுகாம்களிலிருந்து தப்பிய யூதர்களைத் தங்க வைத்தது. நாடிழந்து, குடும்பம் இழந்து வந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்ந்தார்கள். அந்த செப்டம்பரில் தளபதி ஐசன்ஹோவரே நேரில் வந்தார். 1953 வரை முகாம் நீடித்தது. இன்று அங்கே குடியிருப்பவர்களில் யாரும் அந்தப் பள்ளியை நடத்தவில்லை. ஆனாலும் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய பொறுப்பு அந்த ஊருக்கே உரியது. ஏரியின் அழகையும் ஊரின் பெயரையும் வாங்கிக்கொள்பவர்கள், முன்னோர் விட்டுப்போன கணக்கை மட்டும் வாங்க மறுப்பது முறையல்ல.

இந்தத் தவறு என்னுடையதா என்று கேட்பவரும், என் ஒருவனால் என்ன ஆகும் என்று ஒதுங்குபவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். நீர்நிலை ஓரத்தில் வாழும் நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரியுங்கள். பதில் கிடைத்ததும், அடுத்த ஊர்க்காரரையும் அழைத்துக்கொண்டு உள்ளாட்சிக் கூட்டத்துக்குப் போங்கள்.