புது சிஸ்டம் வாங்கியாச்சு... பழைய லைசென்ஸ் என்ன ஆகும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளை மாற்ற வேண்டிய நிலை. திண்டுக்கல் ஆடிட்டர் அலுவலகம், ஃப்ளெக்ஸ் கடை, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: பழைய சாஃப்ட்வேர் புது கணினியில் ஓடுமா?

காசு கொடுத்து வாங்கியதுதானே?

வாங்கியது சாஃப்ட்வேரை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை. திண்டுக்கல் பூட்டு, சாவி யார் கையில் இருந்தாலும் திறக்கும். ஆக்டிவேஷன் அப்படியில்லை. அனுமதி எந்தக் கணினியில் இருக்கிறது என்பது நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்கும்.

எதற்கு என்ன விதி?

விண்டோஸ்: கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தக் கணினிக்கு மட்டுமே. தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை வேறு கணினிக்கு மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான்.

டாலி: சில்வர் ஒரே கணினிக்கு, கோல்டு ஒரே நெட்வொர்க்கில் உள்ள பல கணினிகளுக்கு. மாற்றும் முன் பழைய கணினியில் 'சரண்டர்' கொடுக்க வேண்டும்.

அடோபி: தனிநபர் சந்தாவில் 2 கணினிகளில் லாகின் செய்யலாம். ஒரே நேரத்தில் இரண்டிலும் வேலை பார்க்க முடியாது.

சிக்கல் எங்கே வருகிறது?

மெயில் ஐடியில்தான்! லைசென்ஸ் டீலர் பெயரிலோ, வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்ட் பெயரிலோ இருந்தால், மாற்றுவதற்கு அவர்களைத் தேடிப் போக வேண்டும். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு 20-ம் தேதி கடைசி. இது 19-ம் தேதி ராத்திரி தெரியவந்தால், தாமதக் கட்டணமும் வட்டியும் கடைக்காரர் தலையில்தான்.

'கிராக்' போட்டால்?

காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

என்ன செய்யலாம்?

* லைசென்ஸை உரிமையாளரின் சொந்த மெயில் ஐடிக்கு மாற்றுங்கள்.
* பில், சீரியல் நம்பரைப் பத்திரப்படுத்துங்கள்.
* டேட்டாவை பேக்கப் எடுங்கள்.
* சரண்டர், லாக்அவுட் முடித்த பிறகே பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள்.