தாய்ப்பால் தாய்க்கும் காவல்!

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் புறப்படும் தாய், கைக்குழந்தையைப் பாட்டியிடம் கொடுக்கிறாள். பசித்தால் புட்டிப் பால்தான். இதில் நஷ்டம் குழந்தைக்கு மட்டுமா? தாய்க்கும் உண்டு என்கிறார்கள் டாக்டர்கள்.

30 நாடுகளில் நடந்த 47 ஆராய்ச்சிகளை விஞ்ஞானிகள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2002-ம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும், மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4 சதவிகிதம் குறைகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்த மாதங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

காரணம் என்ன? பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. மார்பகத்தைத் தூண்டும் ஹார்மோன் குறைகிறது.

இது முழுக் கவசம் அல்ல. பால் கொடுத்தவர்களுக்கும் நோய் வரலாம். வலியில்லாத கட்டியானாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பால் கொடுக்க முடியாத தாய்மார் கலங்க வேண்டாம்.

கொடுக்க விரும்பும் தாய்க்கு வசதி உண்டா? 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பிரசவ விடுமுறை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் தினம் 4 முறை போய்வரலாம் என்றும் வந்தது.

ஆனால், 50 பேர் இல்லாத சிறிய கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பீஸ் ரேட்டில் தைப்பவள் எழுந்து போனால், போன நேரத்துக்குக் கூலியும் இல்லை. விடுமுறை முடிந்ததும் பாலும் நின்றுவிடுகிறது.

தமிழக பஸ் நிலையங்களில் 2015-ல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பயணிக்குக் கிடைத்த இடம், உழைக்கும் தாய்க்கும் கிடைக்க வேண்டாமா?